ஒரு மணி டோக்கன்

எங்கள் வெப்சைட்டைத் திறந்த அன்று அக்கா லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். எலுமிச்சம்பழத்தை நறுக்கி இரண்டு பக்கமும் வைக்கப் போனவளை, சாறு உள்ளே போனால் அதோடு கதை முடிந்தது என்று சொல்லித் தடுத்தேன். மாமா கற்பூரம் காட்டினார். மாமா என்றால் அக்காவின் கணவர், ஆட்டோ ஓட்டுகிறார். கேசரி, வடை எல்லாம் உண்டு. அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போது எரிச்சல்தான் வருகிறது. ஒரு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துச் சிரித்திருக்கிறோம்.

வெப்சைட்டைச் செய்து கொடுத்தவள் என்னோடு பெங்களூர் ஆபீசில் வேலை பார்த்தவள். இரண்டு சனி ஞாயிறுகளில் சும்மாவே செய்து தந்தாள். கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே அவள்தான் கேட்டாள்: "கட்டறது சின்ன வேலைக்கா. இனிமே தினமும் இதை யார் பாத்துக்கப் போறீங்க?" அக்கா என்னைப் பார்த்தாள். மாமாவும் என்னைப் பார்த்தார். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாரா வாரம் செய்ய வேண்டியது, மாதா மாதம் செய்ய வேண்டியது, வருடத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டியது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். அடுத்த மாதமே அவள் வேறு கம்பெனிக்கு, ஹைதராபாத்துக்குப் போய்விட்டாள். தாள் மட்டும் மஞ்சள் கறையோடு அங்கேயே இருக்கிறது.

அக்காவின் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கோரமண்டலில் எங்கள் வீட்டிலேயே சமைத்து, தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு மதியச் சாப்பாட்டை கேரியரில் அனுப்புகிறாள். மைன்ஸ், அதாவது தங்கச் சுரங்கம், மூடிய பிறகு இந்த ஊரில் பிள்ளைகள் தங்கவில்லை. பெங்களூர், பூனா, துபாய் என்று போய்விட்டார்கள். பெற்றவர்கள் மைன்ஸ் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளிலேயே இருக்கிறார்கள். சாப்பிடுகிறவர் இங்கே, சாப்பாடு சொல்லிவைக்கிறவர் எங்கோ. அப்படிப்பட்ட தொழிலுக்கு வெப்சைட் இல்லாமல் ஆகாது என்று வாதாடி வாங்கிக் கட்டிக்கொண்டவளும் நான்தான்.

முதல் இரண்டு மாதத்திலேயே என் உயிரை எடுத்துவிட்டது. ஏதோ ஒரு அப்டேட்டை அழுத்தினேன், தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறிவிட்டது. அதைச் சரிசெய்தால் படங்கள் காணாமல் போயின. 'எங்களைத் தொடர்புகொள்ள' என்று வைத்த பக்கத்தில் ரஷ்ய மொழியில் யார் யாரோ மாத்திரை விற்றார்கள். பொங்கலுக்கு மூன்று நாள் விடுமுறை என்று போட்ட அறிவிப்பு பங்குனி வரைக்கும் நின்றது. அக்காவுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. அவள் கவலை வேறு.

"இன்னாடி இது, நேத்து போட்ட முருங்கக்கா சாம்பார் இன்னைக்கும் நிக்குது? இன்னைக்கு வெண்டக்காடி. ஊசிப்போன கொழம்பு ஊத்தறாங்கன்னு நெனச்சிக்கப் போறாங்க."

இதைக் கேட்கும்போது நான் ரயிலில் நின்றுகொண்டிருப்பேன். விடிவதற்குள் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறினால் பெங்களூர் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பங்காரப்பேட்டை தாண்டி ஓர் இடத்தில் சிக்னல் வரும், பிறகு போகும், பிறகு வரும். அந்த இடைவெளியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாம்பாரை எடுத்துவிட்டு வெண்டைக்காய் போடுவேன். நீ கற்றுக்கொள்ளேன் என்று அக்காவிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "எனக்கு அந்தப் பாஸ்வேர்டெல்லாம் ஆவாது" என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவாள். முப்பத்தொரு பேருக்குச் சமைக்கிறவளிடம் அதற்கு மேல் என்ன சண்டை போடுவது.

டோக்கன் வந்தது மாமாவின் யோசனையால். சாப்பாடு போய்ச் சேர்ந்ததா, அப்பா சாப்பிட்டாரா, அம்மா கதவைத் திறந்தாளா என்று மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து அக்காவுக்குப் பிள்ளைகளின் போன் வந்துகொண்டே இருக்கும். ஒருநாள் மாவுக் கையோடு போனை எடுத்து எடுத்து அவள் அழுதேவிட்டாள். மாமா மைன்ஸில் கடைசிச் சில வருடங்கள் வேலை பார்த்தவர். "டோக்கன் போர்டு மாதிரி ஒண்ணு போட்டுட்டா இன்னா?" என்றார்.

எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஷிஃப்டுக்கு இறங்குகிறவர், சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறுவதற்கு முன்னால் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். மேலே வந்ததும் போர்டில் தன் ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். தேடப் போவார்கள். ஒருவர் டோக்கனை இன்னொருவர் தொடவே கூடாது. அதைச் செய்தவனை அடித்தே இருக்கிறார்கள் என்று மாமா சொல்லுவார்.

நான் வெப்சைட்டில் ஒரு பக்கம் செய்தேன். முப்பத்தொரு வட்டம், உள்ளே நம்பர் மட்டும். பெயர் கிடையாது. காலையில் எல்லாம் வெள்ளையாக இருக்கும். மாமா கேரியரை வாசலில் வைத்துவிட்டு வரக் கூடாது, முகத்தைப் பார்த்துக் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் எனக்குப் போனில் குரலாக அனுப்புவார்: "ஏழு குட்த்தாச்சி." நான் ஆபீசில் இருந்தபடி ஏழாம் நம்பரை மஞ்சளாக்குவேன். வெள்ளையாகவே நின்றால் நான் பிள்ளைக்குச் சொல்வேன், பிள்ளை அக்கம்பக்கத்துக்குப் போன் செய்து ஆளை அனுப்பும். இவ்வளவுதான் ஏற்பாடு.

அதன் பிறகு சாப்பாட்டைவிட டோக்கனுக்குத்தான் கிராக்கி. துபாயில் ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டுதான் தானே சாப்பிட உட்காருவதாக எழுதினார். எல்லோரையும்விட அதை ரசித்தவர் இருபத்திரண்டாம் நம்பர். எங்கள் ஊரிலேயே மைசூர் மைன்ஸ் என்ற பகுதியில் தனியாக இருக்கும் பெரியவர், மனைவி போய்ச் சில வருடங்கள் ஆகின்றன, ஒரே மகள் பூனாவில். அவர் மைன்ஸின் டைம் ஆபீசில் டோக்கன் போர்டைப் பார்த்துக்கொண்டு ரிட்டயர் ஆனவர். மகள் வாங்கிக் கொடுத்த போனில் சாப்பிட்டு முடித்ததும் தன் வட்டத்தைப் பார்ப்பார், பிறகு மற்ற முப்பதையும் பார்ப்பார். "பதினாலு இன்னும் வுழல. போய்ப் பாரு" என்று மாமாவுக்கே போன் செய்வார்.

மஞ்சளாக்குவது ஒரு விரல் அசைவு. முப்பத்தொரு தடவை, தினமும், பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரைக்கும் என்றால் அது வேறு. என் சாப்பாட்டு நேரம் அதுதான். டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வாய் வைப்பேன், "ஒம்பது குட்த்தாச்சி" என்று குரல் வரும். ஜுரத்தில் படுத்திருந்தபோதும் செய்தேன். சித்தி மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் நான் குனிந்து பதினேழாம் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தது வீடியோவில் அப்படியே இருக்கிறது. ஆபீசில் மேலதிகாரி என் போனைப் பார்க்கும் பார்வையே சரியில்லை. யாரிடமும் சொல்லவும் முடியாது. சொன்னால், நாள் முழுக்க அடுப்பில் நிற்கிற அக்காவுக்கு முன்னால் என் வேலை ஒரு வேலையா?

மாமாவும் அலுத்துப்போனார் என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், "ஸ்கெலட்டன் எல்லாம் ஆச்சி" என்று லைன் வீட்டுப் பகுதிகளின் பெயரை மட்டும் சொல்ல ஆரம்பித்தார். பிறகு "எல்லாம் ஆச்சி" என்று ஒரே குரல். நானும் 'அனைத்தையும் தேர்ந்தெடு' என்ற பொத்தானைக் கண்டுபிடித்தேன். அடுத்ததாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, தினமும் சரியாக ஒரு மணிக்கு எல்லா வட்டங்களும் தாமாகவே மஞ்சளாகும்படி செய்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த தொழில்நுட்ப வேலை அது ஒன்றுதான். யாரிடமும் சொல்லவில்லை. மாமாவிடம் சொல்லியிருந்தால் என் முகத்தில் முழித்திருக்க மாட்டார்.

நான்கு மாதம் அது ஓடியது. நான்கு மாதம் சூடாகச் சாப்பிட்டேன். மாமாவின் குரலைச் சாயங்காலம் ரயிலில் கேட்பேன். யாராவது விட்டுப்போயிருந்தால் அந்த ஒன்றை வெள்ளையாக்கிவிட்டுப் பிள்ளைக்குச் சொல்வேன். மூன்று தடவை அப்படி ஆயிற்று. ஒருவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார், ஒருவர் கண் ஆஸ்பத்திரிக்கு, ஓர் அம்மா கோபத்தில் கதவைத் திறக்கவில்லை. எதுவும் ஆகவில்லை. எதுவும் ஆகாது என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். நடுவில் மாமா ஒருநாள் சொன்னார்: "மைசூர் மைன்ஸ் பெரியவரு உன்ன ரொம்ப மெச்சிக்கினாரு. முன்ன எல்லாம் இஸ்துகினு கெடக்கும், இப்ப ஒரு மணின்னா டாண்ணு வுழுதாம். டைம் ஆபீஸ்ல கூட இப்டி நடந்ததில்லயாம்." நான் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினேன்.

அன்று ஆபீசில் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மீட்டிங். போன் மேசை டிராயரில். மீட்டிங் முடிந்ததும் அதற்கான வேலை, அது முடிந்ததும் ஓட்டம். ரயிலில் உட்கார இடம் பிடித்துத்தான் போனைக் காதில் வைத்தேன். மாமாவின் குரல், மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு அனுப்பியது.

"இருபத்திரண்டு கதவு தொறக்கல. ரொம்ப நேரம் தட்டிப் பாத்தேன். பக்கத்து வூட்ல ஆம்பூருக்குக் கல்யாணத்துக்குப் போய்க்கீறாங்க. பென்ஷனுக்கு லைஃப் சர்டிஃபிகேட் குடுக்கற மாசமாச்சே, பேங்குக்குப் போய்ட்டாரோ இன்னாவோ. டோக்கன் போட்டுடாத. பொண்ணுக்கு உடனே சொல்லு. எனக்கு மீதிக் கேரியர குட்த்துட்டு ஸ்கூல் பசங்கள இட்டாரணும், நான் கெளம்பறேன்."

வெப்சைட்டைத் திறந்தேன். இருபத்திரண்டு மஞ்சளாக இருந்தது. மற்ற முப்பதைப் போலவே, அழகாக.

மாமாவைக் கூப்பிட்டேன். அவர் போய்ப் பின்கதவை உடைத்து உள்ளே போனார். பெரியவர் குளியலறையில் விழுந்து கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது, பேச்சு வரவில்லை, ஆனால் உயிர் இருந்தது. மாமா ஆட்டோவில் போட்டு, கடைவீதி இருக்கும் பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இரவு அங்கேயே இருந்து, மகள் வந்து சேருமுன் கேரியர் வேலைக்குத் திரும்பினார். மகளுக்கு ரயிலில் இருந்து நான்தான் போன் செய்தேன். அப்பா விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றேன். எப்போது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போனை வைத்ததும் என் விரல் முதலில் செய்த காரியம் இருபத்திரண்டை வெள்ளையாக்கப் பார்த்ததுதான். அவள் அதை ஏற்கெனவே பார்த்திருப்பாள் என்று உறைத்ததும் நிறுத்திவிட்டு, ஒரு மணி ஏற்பாட்டை அழித்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் உடம்பு சரியில்லையா என்று கன்னடத்தில் கேட்டார்.

மறுநாள் மாமா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பொண்ணுக்கு மத்தியானமே சொல்லலியா நீ?"

"மீட்டிங்ல இருந்தேன் மாமா. சாயங்காலம்தான் கேட்டேன்..."

"சரி வுடு. பொழச்சிக்கினாரே" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். மீட்டிங் என்பது பொய் இல்லை. அதனால் அதைச் சொல்வது சுலபமாக இருந்தது.

மகள் வந்து மூன்றாம் நாள், சனிக்கிழமை, அக்கா கஞ்சி காய்ச்சிக் கொடுத்து என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அவளுக்கும் மாமாவுக்கும் சாப்பாட்டு வேலை, நான் மட்டும் போனேன். பெரியவர் சுவர்ப் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தார். மகள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இல்லன்னா எங்கப்பா இல்லக்கா. அன்னைக்கு காலையில இருந்து போன் பண்றேன், எடுக்கல. பயந்துட்டேன். ஒரு மணிக்கு டோக்கன் மஞ்சளாச்சு பாருங்க, அப்பதான் உயிரே வந்துச்சு. சரி, சாப்பிட்டுத் தூங்கறாருன்னு விட்டேன்."

நான் கஞ்சிப் பாத்திரத்தை வைக்க இடம் தேடினேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலே சொன்னாள். விழுந்ததைவிட வேறு ஒன்றுதான் அவளுக்குக் கவலையாம். அப்பா காலையிலேயே விழுந்தேன் என்கிறார். பால்காரன் போனதும் குளிக்கப் போனேன், அப்போதே விழுந்தேன் என்கிறார். மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள், கூப்பிடப் பார்த்தேன், குரல் வரவில்லை என்கிறார். "ஒரு மணிக்குக் கையில சாப்பாடு வாங்கியிருக்காரு, அது சுத்தமா நெனவில்ல. டாக்டர் கிட்ட சொன்னேன். மறதி நோயா இருக்கலாம், ஆரம்பம்தான், இனி தனியா விடாதீங்கன்னு சொல்லிட்டாரு." பூனாவில் மறதி வந்த முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் பேசிவிட்டாளாம். இடுப்பு சரியானதும் அங்கே. மைசூர் மைன்ஸ் வீட்டை மாதக் கடைசியில் காலி செய்துவிடுவாளாம்.

சாப்பாடு என்ன ஆனது, கேரியர் எங்கே என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. டோக்கன் விழுந்த பிறகு கேரியரை யார் தேடுவார்கள்.

பெரியவர் மெல்லத் தலையைத் திருப்பினார். நாங்கள் பேசியது முழுக்க அவருக்குக் கேட்டிருக்கிறது.

"நானும் மொதல்ல சண்ட போட்டேம்மா" என்றார் என்னிடம். "அப்புறம் பொண்ணு போன்ல காட்டுச்சி. என் நம்பரு மஞ்சளா நிக்குது. போர்டுல டோக்கன் இருந்தா ஆளு மேல வந்துட்டான்னு அர்த்தம். முப்பது வருசம் நானே அதச் சொல்லிச் சொல்லித்தான் புருசனுக்குக் காத்துக்கினு நின்ன பொம்பளைங்கள வூட்டுக்கு அனுப்பிக்கீறேன். டோக்கன் வுழுந்திருக்குன்னா நான் சாப்ட்டுத்தான் இருப்பேன். எனக்குத்தான் தல கெட்டுப்போச்சி."

அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு கணக்கைச் சரிபார்த்து முடித்தவர் மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

நான் ஒன்றும் சொல்ல வேண்டியதே இல்லை. ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டாம். கஞ்சியை வைத்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கிளம்பினால் போதும். வெளியே தெரிந்தால் அந்தப் பக்கத்தை இனி யார் நம்புவார்கள், அக்காவின் அடுப்பு எத்தனை நாள் எரியும், மாமா என்னை எப்படிப் பார்ப்பார் என்று எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வந்து போனது. அவ்வளவு களைப்பாக நான் என்றைக்கும் இருந்ததில்லை. கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"பெரியப்பா, நீங்க காலையிலதான் விழுந்தீங்க" என்றேன். "மத்தியானம் கதவத் தட்டுனது எங்க மாமா. நீங்க தொறக்கல. கேரியர் அப்படியே திரும்பி வந்துடுச்சி. அந்த டோக்கன் நான் போட்டது இல்ல. தினமும் ஒரு மணிக்கு எல்லாருக்கும் தானா விழற மாதிரி நான் செஞ்சி வச்சிருந்தேன்."

மகளுக்குப் புரிய நேரமாயிற்று. "எத்தனை நாளா?" என்றாள்.

"நாலு மாசமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதன் பிறகு அவள் என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை, இன்றுவரைக்கும். ஆனால் பெரியவர் கையை நீட்டி அவள் புடவையைப் பிடித்து இழுத்தார். முகமே மாறிவிட்டது.

"சொன்னனா இல்லயா? பால்காரன் போனான், நான் பாத்ரூமுக்குப் போனேன். மத்தியானம் கதவத் தட்னாங்க. எல்லாம் சரியாத்தான் சொல்லிக்கீறேன். அந்த டாக்டர இட்டுகினு வா. வந்து என்ன கேக்கச் சொல்லு."

அவள் வெளியே போனாள். அறையில் நானும் அவரும்தான். இடுப்பைத் தொட விடாத வலியிலும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். திட்டுங்கள் பெரியப்பா என்று வாய்விட்டே கேட்டேன். அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இரும்மா" என்றார். "நான் பைத்தியமாயிட்டேன்னே நெனச்சிட்டேன். நீ வந்து சொன்னியே, ரொம்ப தேங்க்ஸ்மா."